ஓடிபி கேட்காத கடை

வெளிநாட்டில் இருக்கும்போது கார்டில் திருட்டு நடந்தால், வங்கிக்கு போன் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் செயலியைத் திறந்து கார்டை முடக்குங்கள். பாங்காக்கில் எனக்கு இது நடந்தது. எங்கோ ஓர் இணையக் கடையில், டாலரில், பெரிய தொகை.

“ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா சார்?” என்று வங்கியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஓடிபி வந்தால்தானே சொல்வதற்கு! நம்மூர் இணையக் கடைகளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றுக்குக் கார்டு எண்ணும், காலாவதித் தேதியும், பின்பக்க மூன்று இலக்கமும் போதும். வங்கிக்காரருக்கு இது தெரியாதா என்ன?

வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையையும் அதில் குறிப்பிட்டேன்: தவறு நம்மிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு கிடையாது, புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். அடுத்து வந்த பதிலில் மரியாதை கூடியிருந்தது!

வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை மட்டும் அணைத்துவைக்கும் வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. கடைகளில் மட்டும் கார்டு தேய்ப்பவர்கள் அதை அணைத்துவிட்டே விமானம் ஏறலாம்.