எந்தப் போர்க்காலத்துப் பாகம்?

பழைய ஆமி ஜீப் வாங்கி விற்கிற ஆக்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘ஒறிஜினல்’, மற்றது ‘கலவை’. விற்கும்போது எல்லாம் ஒறிஜினல். வாங்கும்போது எல்லாம் கலவை.

எங்கட நண்பன் ஒருவனின் வீட்டுக் கொட்டிலில் நிற்கிற ஜீப்பை அவனுடைய அப்பப்பா 1950களில் கண்டிப் பக்கம் வாங்கினவராம். ‘வெள்ளைக்காரன்ட ஆமி ஜீப்’ எண்டுதான் வீட்டில் சொல்லுவினம். நம்பக்கூடிய கதைதான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவில் இயங்கியது. ஆனால் விலை பேச வந்த ஒருவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது போருக்குப் பிறகு வந்த சாமான்களைப் பூட்டி எடுத்தது” எண்டு சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார். அப்பம்மாவுக்குக் காசு ஒரு பக்கம். “அப்ப அவர் சொன்னது பொய்யோ?” எண்டுதான் அவ திரும்பத் திரும்பக் கேட்டா. ஆகவே நாங்கள் நாலு பேர் டோர்ச்சும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குக் கீழே படுத்தோம்.

அந்த ஜீப்பை 1941 முதல் 1945 வரை இரண்டு கொம்பனிகள் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஏறத்தாழ 360,000. அதே வடிவத்தில் ஃபோர்ட் செய்தது ஜி.பி.டபிள்யூ., ஏறத்தாழ 280,000. ஒன்றின் பாகம் மற்றதுக்குப் பொருந்தவேண்டும் என்பது அமெரிக்க இராணுவத்தின் தேவை. களத்தில் உடைந்த இரண்டு ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒன்றை எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் கலவை என்பது இந்த வாகனத்தின் பிறவிக்குணம்.

முதலில் முகத்தைப் பாருங்கள். போர்க்காலத் தகரக் கிறிலில் ஒன்பது நெடுந்துளைகள் இருக்கும். போர் முடிந்தபின் வில்லிஸ் பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே. வகையில் ஏழுதான். பெரிய முன்விளக்கு, பின்கதவு, வெளிப்பக்கத்தில் பெற்றோல் மூடி, இவையும் பிறகு வந்தவை. போர்க்கால ஜீப்புக்குப் பெற்றோல் அடிக்க ஓட்டுநரின் சீற்றைத் தூக்கவேண்டும்.

பிறகு கீழே. சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ப வடிவத்தில் இருந்தால் ஃபோர்ட். ஃபோர்ட் தன் இலக்கத்தை இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே குத்தியது. வில்லிஸ் ஒரு சின்னத் தகட்டில் குத்தி, முன்பக்கம் சட்டத்தின் உட்புறத்தில் அறைந்தது. அதைவிட ஃபோர்ட் தன் பாகங்களில், போல்ட் தலைகளில் கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது.

இந்த ‘எஃப்’ஐத்தான் சேகரிப்பாளர்கள் தேடித் திரிவார்கள். தேடுவதாலேயே அதே எழுத்தோடு புதுப் போல்ட்டுகளும் செய்து விற்கிறார்கள். டாஷ்போர்ட் தகடுகளும் அப்படித்தான், நாலு திருகாணியில் மாற்றிவிடலாம். பிலிப்பைன்ஸில் முழு பொடியே புதிதாகச் செய்கிறார்கள். அதனால் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, தேய்மானத்தையும் பார்க்கவேண்டும். பழைய போல்ட்டில் எழுத்தின் பள்ளத்துக்குள் பெயின்ற் படை படையாக இறுகியிருக்கும், சுரண்டினால் அடியில் ஆமிப் பச்சை வரும். பக்கத்திலுள்ள இரும்பும் அதே அளவு கறல் பிடித்திருக்கும். இரும்பு கிழவனாகவும் போல்ட் குமரனாகவும் இருந்தால் யோசியுங்கள்.

நாங்கள் பார்த்த ஜீப்பில் குறுக்குச் சட்டம் ப வடிவம். கிரீஸையும் கறலையும் துடைத்தபோது இடப்பக்கச் சட்டத்தில் இலக்கம் வந்தது. கிறிலில் ஒன்பது துளை. இஞ்சின் இலக்கத்தில் ஃபோர்ட்டின் எழுத்துக்கள் இல்லை, அது வேறொரு ஜீப்பில் இருந்து வந்தது. “அப்பப்பா பொய் சொல்லேல்ல, சேசிஸ் அந்தக் காலத்துச் சேசிஸ்தான்” எண்டு அப்பம்மாவிடம் சொன்னோம். அவ ஒண்டும் கதைக்கேல்ல, தேத்தண்ணி போடப் போயிற்றா.

மிச்சம் இருந்தது தரை. ஓட்டுநரின் காலடியில் ஒரு பெரிய ஒட்டு. பரல் தகரத்தை வெட்டி ஒட்டியிருந்தது, அடியில் பரலின் வளைவு இன்னும் தெரியுது. இஞ்சினைத் தாங்குகிற றப்பர் பழைய ரயரில் வெட்டினது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் இல்லை, ஸ்பெயர் பாட்ஸும் இல்லை. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். இந்த ஜீப்பும் அப்படித்தான் ஓடினதாம். ஒட்டுப் போட்ட பாஸ் இப்ப இல்லை.

விலை கேட்டவரின் திட்டத்தை அவரே மறைக்காமல் சொன்னார். தரையோடு பொடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இறக்குமதி செய்த புதுப் பொடியைப் பூட்டி, ‘1943 ஒறிஜினல்’ எண்டு காட்டுவாராம். ஒரு போருக்குள் செய்த தகரத்தை வீசிவிட்டு, எந்தப் போரையும் பார்க்காத தகரத்தைப் போர்க்காலத்தது என்று சொல்லப்போகிறார்.

புதுப் பாகம் குற்றமில்லை. ஓடுகிற வாகனத்துக்குப் பாகம் மாற்றத்தான் வேணும், புதிது எண்டு சொல்லி விற்றால் அது நேர்மையான சாமான். ஆனால் ‘போர்க்காலப் பாகம்’ என்று பேசும்போது எந்தப் போர் எண்டும் கேட்கவேணும். சேகரிப்பாளரின் கணக்கு 1945 உடன் முடிகிறது. எங்கட கணக்கு அங்க முடியேல்ல. அந்தப் பரல் தகரம் எங்களுக்கு ‘எஃப்’ போல்ட்டை விடப் பெறுமதியானது. அதுக்கு இலக்கம் இல்லை, அதைப் பற்றி எந்தக் கையேடும் இல்லை. தூக்கி எறிந்தால் சாட்சியே இல்லாமல் போகும்.

நாங்கள் ஒரு தாளில் மூன்று நிரல் கீறினோம்: 1945க்கு முந்தியவை, பிறகு மாற்றியவை, தடைக்காலத்தில் இங்கே செய்தவை. ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்தோம். ஜீப்பை விற்பதா வைத்திருப்பதா எண்டு அந்தக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. விற்றாலும் அந்தத் தாளோடுதான் விற்பினமாம்.

உங்கட வீட்டுக் கொட்டிலிலும் ஜீப்போ ஏ40யோ மொறிஸ் மைனரோ நிண்டால், பெயின்ற் அடிக்க முந்தி அடியில் படுத்து ஒருக்காப் பாருங்கோ. ஒட்டுப் போட்டவர் ஆர் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ.