அம்பாசிடரின் உள்கூரை

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் அத்துப்படி. உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை. சீட் கவர், மேட், ரூஃப் லைனிங் என்றால் ஜி.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அதை ஒட்டிய சந்து ஒன்றில் சீட் கவர் தைத்துப் பிழைக்கிற ஒரு பாயைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய வண்டிகளின் உள்கூரை வேலைக்கு மெக்கானிக்குகள் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள்.

கடை வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர். உத்தர்பாரா ஆலையிலிருந்து 2014 வரை வந்துகொண்டிருந்த வண்டி. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. உள்கூரை கட்டியிருக்கும் முறையும் அந்தக் காலத்து முறைதான். இன்றைய கார்களில் உள்கூரை என்பது அச்சில் வார்த்த அட்டை, அதன்மேல் ஃபோம் ஒட்டிய துணி. இதில் அட்டையே கிடையாது. கூரைத் தகட்டுக்குக் கீழே வில்லாய் வளைந்த இரும்புக் கம்பிகள் குறுக்கே போகின்றன. துணியின் பின்பக்கம் தைத்த நீளமான குழல்களுக்குள் அந்தக் கம்பிகள் நுழைந்திருக்கும். ஓரங்களை இழுத்து ஒட்டி, கதவுப் பக்கம் பீடிங்காலும் கண்ணாடிப் பக்கம் ரப்பராலும் மறைத்துவிடுவார்கள். ஒட்டு ஓரத்தில் மட்டும். நடுவில் துணி கம்பியில்தான் நிற்கிறது.

வண்டிக்காரர் கேட்டது சின்ன வேலை. "மேல கறையா இருக்கு பாய், ஷாம்பு போட்டுத் துடைச்சுக் குடுத்துடுங்க." பாய் பதில் சொல்லாமல் பின்சீட்டில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, "படுத்துப் பாருங்க சார், நின்னா தெரியாது" என்றார்.

படுத்தபின் ஒவ்வொரு கறையையும் விரலால் தொட்டுக் காட்டினார். முன்சீட்டுக்கு மேலே பரவலாக ஒரு மஞ்சள் மங்கல்: சிகரெட் புகை. கதவோரம் கறுப்பு: ஏறி இறங்கும்போது பட்ட கை அழுக்கு. இந்த இரண்டும் துடைத்தால் போகும். குறுக்கே நேர்கோடாக ஓடிய பழுப்புக் கறை வேறு ஜாதி. அது உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். பின்கண்ணாடிக்கு மேலே விளிம்பு மட்டும் அடர்ந்த வட்டம் வட்டமான கறை, தண்ணீர் இறங்கி இறங்கிக் காய்ந்தது. ஈரம் காயும்போது அழுக்கையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதால்தான் அந்த வளையம்.

துடைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சோப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. நுரையை மட்டும் எடுத்து, மென்மையான துணியால், அழுத்தாமல். தண்ணீர் அதிகமானால் பழைய நூல் விட்டுப்போகும், ஓரத்துப் பசை கரைந்து புதுக் கறையாக வெளியே வரும். சிறு துளை போட்ட ரெக்சின் என்றால் ஈரம் உள்ளே போய்த் தங்கி நாற்றம் எடுக்கும். பிளீச்சிங் பக்கமே போகக்கூடாது. அதைவிட முக்கியம், கறை உள்ள இடத்தை மட்டும் தேய்ப்பதில்லை; ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை முழுப் பட்டையையும் துடைக்கவேண்டும். இல்லையென்றால் வெளுத்த இடமே ஒரு கறையாய்க் கண்ணில் படும். தையல் மட்டும் பிரிந்திருந்தால் வளைந்த ஊசியால் வண்டியிலேயே தைத்துவிடலாம். துணியே நைந்துபோனால் ஊசி போட்ட இடமெல்லாம் கிழியும்.

இந்த வண்டியில் துணி நைந்திருந்தது. ஆனாலும் பாய் அளவு எடுக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு ஹோஸ் பைப்பால் பின்கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் விடச்சொன்னார். உள்ளே டார்ச்சோடு காத்திருந்தோம். கல்லாய் இறுகிப்போன ரப்பருக்கு உள்பக்கம் ஒரு சொட்டு திரண்டது. "இதுக்கு முன்னாடி கண்ணாடிக்காரர் வரணும். துரு இருந்தா டிங்கர் வரணும். அப்புறம்தான் நான்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார். எப்படியும் கண்ணாடியைக் கழற்றினால்தான் அந்த ஓரத்துத் துணியை உள்ளே மடக்கி ஒட்டமுடியும்.

புதுத் துணி மாட்டுவதை அடுத்த முறை போனபோது பார்த்தேன். கம்பிகளின் வளைவும் நீளமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கழற்றும்போதே சாக்பீஸால் வரிசை எண் போட்டு, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பழைய துணியின் தையலைப் பிரித்துப் புது ரெக்சின்மேல் விரித்து, அதைவிடத் தாராளமாக ஓரம் விட்டு வெட்டினார். வெட்டிய துண்டுகளைத் தைத்துக் கம்பி கோத்ததும் வெயிலில் போட்டார். சூடு ஏறினால் ரெக்சின் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும்.

நடுக்கம்பியில் தொடங்கி முன்னும் பின்னும் இழுத்துக் கிளிப்பில் நிறுத்தினார். பிறகுதான் பக்கவாட்டு. அங்கே சுருக்கம் விழுந்தது. கம்பி வெளிவரும் இடத்தில் குழலின் முனையைக் கத்தரியால் அரைவிரல் அளவு நறுக்கினார், இழுத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் நறுக்கினார். சுருக்கம் கரைந்தது. கூட வெட்டிவிட்டால் துணி கம்பியைவிட்டுத் தொங்கும், திரும்பத் தைக்க முடியாது. இந்த இடத்தில் அவர் பேசவே இல்லை.

எஸ்ஆர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தவேண்டும். மலிவான பசை சித்திரை வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும்போது விட்டுவிடும். நாலு கதவும் திறந்திருந்தும் அந்த நெடியில் எனக்குத் தலை கனத்தது. நாள்முழுக்க அண்ணாந்தே வேலை செய்கிறவருக்குக் கழுத்து வலி தனி. பையன்கள் அட்டைக் கூரை வேலையை விரும்புவதில் வியப்பில்லை. அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்து, பொடிந்த ஃபோமைச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டினால் முடிந்தது. நாளும் கூலியும் கணக்குப் பார்த்தால் அவருக்குமே சீட் கவர்தான் லாபம்.

பில் எழுதினார்: ரெக்சின், பசை, பீடிங், கூலி. தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று தேடியதற்கு ஒன்றும் போடவில்லையே என்று கேட்டேன்.

"அதுக்கு என்ன சார் காசு? அதைப் பார்க்காம மாட்டியிருந்தா, அடுத்த மழைக்கு இதே வண்டி நம்ம கடை வாசல்ல வந்து நிக்கும். கறை அவர் துணியில இருக்கும், பேர் எனக்குப் போகும்."