அப்பாவின் கோபுரம்

புரட்டாசி சனிக்கிழமை வந்தால் அப்பா எங்களைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போவார். கிரிவலத் திருவண்ணாமலை இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில், மலைமேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் நிற்கிற எங்கள் திருவண்ணாமலை. படி இறங்கும்போது ஊர்ப் பக்கம் கையை நீட்டி, "அந்தா பாரு, கவர்மென்ட்டு முத்திரை!" என்பார். வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைத்தான் சொல்வார். தாலுகா ஆபீஸ் பியூன். அந்த முத்திரை போட்ட காகிதங்களைச் சுமந்தே ஆயுசைக் கழித்தவர்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மதுரையில். மறுவீட்டு விருந்திலேயே மாமனார் ஆரம்பித்துவிட்டார்: "சம்பந்தி, அது எங்க மீனாட்சி கோயில் மேலக் கோபுரமாக்கும்!"

அவர் சொன்னதும் சும்மா இல்லை. 1949-இல் அரசுச் சின்னத்தை வரைந்த ஆர்.கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர்; மேற்குக் கோபுரத்தைத்தான் வரைந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அரசாங்கம் சொல்வதோ ஸ்ரீவில்லிபுத்தூர்.

அப்பா விடவில்லை. "உங்க கோபுரத்துல உடம்பெல்லாம் பொம்மை. முத்திரையில ஒரு பொம்மையாவது இருக்கா?" எங்கள் ஊர்க் கோபுரத்தில் சுதைச் சிற்பம் குறைவு. நல்ல கேள்விதான். ஆனால், நகத்தளவு ரப்பர் ஸ்டாம்பில் எந்தக் கோபுரத்து பொம்மைதான் தங்கும்?

ஓவியம் படிக்கிற என் மகள் ஒருநாள் ஒரு படம் காட்டினாள். ஜெர்மனியின் டியூரர் 1503-இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. கேடயத்தில் மண்டையோடு, அதன்மேல் இறக்கை முளைத்த தலைக்கவசம், பக்கத்தில் மணக்கோலத்தில் ஒரு பெண், அவளை நெருங்கும் காட்டு மனிதன். குலச்சின்னம் மாதிரியே வரைந்து, குலப்பெருமை இருக்கவேண்டிய இடத்தில் சாவை வைத்திருக்கிறார். சடையில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. அங்கே பெரிய குடும்பங்களுக்கு ஆளுக்கொரு சின்னம் இருந்ததாம். நமக்கு மாநிலத்துக்கே ஒன்று; அதான் சம்பந்திகள் அடித்துக்கொள்கிறார்கள்! அடுக்கு மட்டும் ஏறக்குறைய அதேதான். நடுவில் கோபுரம், முன்னால் சிங்கங்கள், இருபுறமும் துணைக்கு நிற்பதுபோல் கொடிகள், கீழே 'வாய்மையே வெல்லும்'.

போன வருஷம் அப்பா போய்விட்டார். இறப்புச் சான்றிதழ் வாங்க மாமனாரும் கூட வந்தார். காகிதத்தின் தலையில் கோபுரம், கீழே அப்பா பேர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கப்பா கோபுரம் நல்லாத் தெளிவா விழுந்திருக்கும்மா" என்றார்.