தண்ணீர் போகிற போக்கு

1856-ம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அதில் ஏறியவர்களிடம் டிக்கெட் இருந்தது. இறங்க வேண்டிய ஊரைப் பற்றிய நிச்சயமும் இருந்தது. சென்ற மாசிப் பௌர்ணமியன்று அதே இராயபுரத்தில், வெயிலில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை நீட்டிக்கொண்டிருந்த நம்மிடமும் நம் நண்பரிடமும் இவ்விரண்டில் ஒன்றும் இல்லை. "நிற்கிற வண்டியில் ஏறுவோம், விடுகிற இடத்தில் இறங்குவோம்" என்பது நண்பரின் சித்தாந்தம். இரவுக்கு நிலா இருக்க வேண்டுமென்று நாள் பார்த்ததோடு சரி. மூட்டையில் ஒரு கூடாரமும், வீட்டில் கட்டிக் கொடுத்த புளியஞ்சாதமும் இருந்தன.

முதலில் நின்றது ஒரு கன்டெய்னர் லாரி. டிரைவர் காசு வாங்க மறுத்துவிட்டார். பேச்சுத் துணையே போதுமாம். அவர் மணலிப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தபடியால் திருவொற்றியூரில் இறங்கினோம். அடுத்து, காசிமேட்டில் மீனை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளுடன் திரும்பிய சிறு வண்டி. அதன் வாசனையை இங்கே விஸ்தரிக்கும் உத்தேசமில்லை. கொசஸ்தலையாற்றுப் பாலத்தைத் தாண்டி அது நம்மைக் கொண்டு சேர்த்த இடம் காட்டுப்பள்ளித் தீவு.

கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே நீண்டு கிடக்கும் மணல்தான் தீவு. தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. கழியோரமாகப் பாய் விரித்தாற்போன்ற ஓரிடத்தில் கூடாரத்துக்கு முளை அடித்தோம்.

சற்றுத் தூரத்தில் ஒரு மூதாட்டி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். இங்குள்ள இருளர்களுக்கு வலை வேண்டாம். நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவியே பிடித்துவிடுவார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அந்த அம்மாள் நம்மைப் பார்த்ததும் பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐயா, இன்னிக்குப் பௌர்ணமி. அங்கே படுத்தா தண்ணி வந்து எழுப்பும்."

"எதுவரைக்கும் ஏறும், அம்மா?"

"முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இப்போ சாம்பல் படிஞ்சு கழி மேடாயிடுச்சு. தண்ணி எங்கே பாயும்னு நானே பார்த்துப் பார்த்துத்தான் இறங்குறேன்."

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து இந்தக் கழியெங்கும் பரவியது. அப்போது நாள் கணக்கில் தண்ணீரில் கால் வைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. நமக்குத்தான் மனம் என்னவோ செய்தது. போகிற போக்கில் போவதென்பது நமக்கு ஒரு நாள் உல்லாசம். நாளைக்கு வேறொரு லாரி நிற்கும். தண்ணீரின் போக்குத் தப்பினால் அவருக்கு அன்றைக்கு உலை ஏறாது.

அவர் காட்டிய சவுக்கு மேட்டுக்குக் கூடாரத்தை மாற்றினோம். அவசரத்தில் நாலு முளைகளைப் பிடுங்க மறந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேல், சத்தமே இல்லாமல், நிலவொளியில் மினுமினுத்தபடி ஏறி வந்த நீர் அவற்றை ஒவ்வொன்றாக மூடியது. நண்பர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரிடம் அபூர்வம்.

விடியற்காலையில் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். மீதமிருந்த புளியஞ்சாதத்தை நீட்டினோம், தயங்காமல் வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்ப வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டோம்.

"ரோட்டுச் சங்கதி எனக்கென்ன தெரியும், ஐயா?" என்று சிரித்துவிட்டுப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு நீரில் இறங்கினார்.