தோற்றவனுடைய நாற்காலி

என் நாவல் ஒன்று மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த அன்று, "இனி எழுதுவதில்லை" என்று மனைவியிடம் அறிவித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய ஸ்னூக்கர் பந்தயம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பில்லியர்ட்ஸ் கோலைக் கையால் தொட்டறியாதவன் நான். ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. காரணம், மேஜைக்கு அப்பால் கிடந்த ஒரு நாற்காலி.

மற்ற விளையாட்டுகளில் எதிராளி அடித்தால் ஓடலாம்; தடுக்கலாம். ஸ்னூக்கரில் அதற்கு வழியில்லை. அவன் பந்துகளைக் குழியில் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை இவன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். தன் வீடு எரிவதை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பது போல!

அந்த நாற்காலியை நன்றாக அறிந்தவர் ஜிம்மி ஒயிட். உலகப் பட்டத்துக்கான போட்டி 1977 முதல் இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரத்து க்ரூசிபிள் அரங்கில் நடந்து வருகிறது. 1992-ல் அங்கே முதல் சுற்றிலேயே அவர் ஒரே மூச்சில் 147 புள்ளிகள் எடுத்தார். 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணப் பந்துகள். ஒன்றுகூடப் பிசகாமல் விழுந்தால்தான் அந்தத் தொகை வரும். ஒரு லட்சம் பவுன் பரிசு கிடைத்தது. இறுதிப் பந்தயத்திலும் ஸ்டீஃபன் ஹென்ட்ரியை 14–8 என்று முந்திவிட்டார். 18 ஆட்டங்கள் வென்றால் பட்டம். இன்னும் நாலே நாலுதான் பாக்கி! ஹென்ட்ரி தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று பட்டத்தைக் கொண்டுபோனார்.

நான் பார்த்தது 1994-ன் இறுதிப் பந்தயம். மீண்டும் அதே இருவர். 17–17. அன்று ஜிம்மிக்கு 32-வது பிறந்த நாள். கடைசி ஆட்டத்தில் முன்னணியில் இருந்தவர், எத்தனையோ ஆயிரம் முறை போட்டிருக்கக்கூடிய ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். பேசாமல் நாற்காலிக்குத் திரும்பினார். ஹென்ட்ரி எழுந்தார். அவ்வளவுதான். ஆறு முறை இறுதிப் பந்தயம். ஆறு முறையும் தோல்வி.

"பாவம், அப்புறம் அந்த மனுஷர் என்ன செய்தார்?" என்று கேட்டாள் மனைவி. அவள் எப்போது வந்து நின்றாள் என்பதே எனக்குத் தெரியாது.

"அறுபது வயதைத் தாண்டிய பிறகும் கோலைத் தூக்கிக்கொண்டு தகுதிச் சுற்றுக்கு வந்தார்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "உங்கள் மேஜை விளக்கை அணைத்துவிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.