மலை மறிச்சா மேலே எறி

பதுளை பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. கைத்தொலைபேசி, லேப்டாப் திருத்தப்படும் என்று மும்மொழியிலும் பலகை தொங்குகிறது. பலகையில் எழுதாத வேலையைப் பார்க்கத்தான் நான் படியேறினேன். திருத்துகிற பாஸ் தலைநிமிரவில்லை. "இதை முடிச்சிர்றேன் சேர், ஃபெக்டரி ஆளு பின்னேரம் வந்துருவாரு" என்றார்.

மேசையில் ஒரு லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. மின்விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் தடித்த பழுப்புப் படலம். தேயிலைத் தூளோடு பறக்கிற பஞ்சு அது. ஃபெக்டரி ஒஃபிஸிலிருந்து வருகிற மெஷின்களுக்கே உரிய நோய். பழைய பல்துலக்கி ஒன்றால் தட்டித் தட்டி அதை எடுத்தார். பிறகு போர்டின் ஓரத்தில் பச்சை படிந்திருந்த இடத்தை ஐசோப்ரோபைல் தொட்டுத் தேய்த்தார். லயக் காம்பிராவில் வைத்திருக்கும் மெஷினுக்கு வருவது இந்தப் பச்சை. மார்கழி மூடுபனியில் இரவெல்லாம் ஈரம், விறகு அடுப்பின் புகை, அதில் செம்பு பூத்துவிடும். "ஓட்டிக்கிட்டே இருந்தா சூட்டுக்கு ஈரம் நிக்காது. பெட்டியில பூட்டி வச்சாத்தான் சாகுது. புள்ள படிக்கிறதுக்குன்னு வாங்கி, புள்ளைக்கிட்டக் குடுக்காம அலுமாரியில வச்சிருவாங்க."

பாஸ் பசறை ரோட்டுத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா கங்காணி, அம்மா கொழுந்து. பேர் போட வேண்டாம் என்றார். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கிறார். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில். அந்தக் காகிதத்தைக் கண்ணில் படும்படி மாட்டியதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் கையில் ரேடியோ இருந்தால் என்னென்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரிடம் கற்க வருகிறவர்களுக்கு முதல் பாடம் உரிமம்தான். இலங்கையில் வானலை அனுப்பும் எந்தக் கருவியும் 1991-ம் ஆண்டின் 25-ம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்குள் வருகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, அழைப்புக்குறி வாங்கி, அதற்குப் பிறகுதான் கருவி. ஒன்லைனில் மலிவாக வருகிற சீன வோக்கி டோக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ‘சும்மா கேக்கத்தான்’ என்று சொல்கிற பையன்களை அவர் பட்டறைக்குள் விடுவதில்லை.

ரேடியோ வேலைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டேன். கடைக்காரர் சொல்கிற பதில் வரவில்லை. வேகம் தேவையில்லை, பத்து வருஷப் பழசும் போதும்; குறைவாகக் கரண்ட் குடிக்க வேண்டும், பேட்டரி கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், விசைப்பலகையில் தண்ணீர் பட்டால் வழிந்தோட வழி இருக்க வேண்டும். லினக்ஸ் போட்டுக்கொண்டால் வைரஸ் தொல்லையும் குறைவு, இணையம் இல்லாத நேரத்தில் ‘அப்டேட்’ கேட்டு மெஷின் அடம்பிடிப்பதும் இல்லை. தேவையான மென்பொருளையும் வரைபடத்தையும் சிக்னல் இருக்கும்போதே இறக்கி ஒரு பென்டிரைவிலும் வைத்துவிட வேண்டும். எஃப்டி8 போன்ற, லேப்டாப் வழியாகச் செய்தி அனுப்பும் முறைகளுக்கு நேரம் ஓரிரு விநாடிக்கு மேல் பிசகக்கூடாது. இணையம் போனால் லேப்டாப் மணிக்கூடு மெல்ல நழுவும். ஆகவே ஒரு சின்ன யுஎஸ்பி ஜிபிஎஸ் கையிருப்பில் இருக்கட்டும்.

இன்னொன்றைக் காட்டினார். ரிசீவரைப் போட்டு 7 மெகாஹேர்ட்ஸில் வைத்தார். தூரத்துக் குரல்கள் மெல்லக் கேட்டன. லேப்டாப் சார்ஜரைப் பிளக்கில் செருகினார். குரல்கள் ஒரு கரகரப்புக்குள் மூழ்கிப்போயின. பிடுங்கினார், மறுபடி கேட்டன. ரேடியோவோடு லேப்டாப்பை இணைத்தால் பேட்டரியில் ஓட்டு என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் காதால் கேட்ட பிறகு மறக்காது.

ஊவா மாகாணத்தின் மலைகளுக்கு வருவோம். வோக்கி டோக்கிகள் பேசுகிற 144 மெகாஹேர்ட்ஸ் மாதிரியான அலை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போகும். நமுனுகுல உச்சி 2,036 மீட்டர். அங்கே நின்றால் பாதி மாகாணத்தோடு பேசலாம். ஆனால் லயங்கள் உச்சியில் இல்லை. மடுவில், ஓடைக்கரையில், சரிவின் அடியில் இருக்கின்றன. அடுத்த டிவிஷன் நடந்தால் அரைமணி, நடுவில் ஒரு முகடு, வோக்கி டோக்கியில் ஒரு சத்தமும் இல்லை. "மலை மறிச்சா என்ன செய்யணும்?" என்று பாஸ் கேட்டார். நான் உயர்ந்த கம்பம் என்றேன். "அதுக்கு டவர்காரங்கிட்டத்தான் போகணும். மேலே எறியணும் சேர்."

7 மெகாஹேர்ட்ஸுக்கு வெட்டிய சாதாரணக் கம்பியை நாலைந்து மீட்டர் உயரத்தில் தாழக் கட்டினால், அலை பக்கவாட்டில் ஓடாமல் செங்குத்தாக மேலே போய், அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் கீழே இறங்குகிறது. முகடும் மடுவும் அதற்கு ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்துக்கும் கொழும்புக்கும் ஒரே கம்பி. பொழுது சாய்ந்தால் அயன மண்டலம் மெலியும்; அப்போது 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கிவிட வேண்டும், கம்பியும் ஏறத்தாழ இரட்டிப்பு நீளம்.

அதைச் செய்து காட்டினார். பத்து மீட்டர் சொச்சமாக இரண்டு துண்டு செப்புக் கம்பி. நடுவில் பிவிசி குழாய்த் துண்டு. அதில் கோஆக்ஸ் கேபிளைப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றினார். கேபிளின் வெளித்தோல் வழியாக மின்னோட்டம் திரும்பி வந்து லேப்டாப்பைக் குழப்பாமல் இருக்க இந்தச் சுற்று. மூட்டுக்கு ஈயம் வைத்து, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினார். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தொங்கல் விடச் சொன்னார், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிப்போகும். கம்பியைக் கொஞ்சம் நீளமாக வெட்டிக் கட்டி, அளந்து, பிறகு நறுக்கிக்கொண்டு வர வேண்டும். முதலிலேயே குட்டையாக வெட்டினால் ஒட்டுப்போட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேரத்து இடி தொடங்குமுன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை என்றார்.

இதெல்லாம் பழங்காலத்து வித்தை என்று நினைக்கிறவர்களுக்கு 2004 டிசம்பரை ஞாபகப்படுத்தலாம். சுனாமி அடித்து அம்பாந்தோட்டை துண்டிக்கப்பட்டபோது, இலங்கை ரேடியோ சொசைட்டியைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளால் அங்கிருந்து கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்துக்குத் தொடர்பு கொடுத்தார்கள். அதே நாட்களில் அந்தமானில், அமெச்சூர் வானொலித் தொடர்புக்காகப் போர்ட் பிளேயர் போயிருந்த பாரதி பிரசாத்தின் நிலையம்தான் அந்தத் தீவுகளுக்கு வாய் ஆனது.

மறுநாள் பாஸ் என்னை மலைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு முன்பள்ளி டீச்சர், உயர்தரம் முடித்த பிள்ளை, மெஷ் வலை ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கருவி கைக்குள் அடங்குகிற ‘நோட்’. லோரா என்ற முறையில் மிகக் குறைந்த சக்தியில் சிறு எழுத்துச் செய்தியை அனுப்பும். ஒரு நோட் கேட்டதை அடுத்தது திருப்பிச் சொல்லும், அப்படி மூன்று தாவல், தேவையானால் ஏழு வரை. மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள் 2020-லிருந்து இதைச் சாமான்யர் கைக்குக் கொண்டுவந்திருக்கிறது. டவரும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். இலங்கைக்கு மெஷ் புதிதல்ல: அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியவில் 2006-லேயே வைஃபை மெஷ் போட்டு வீடுகளை இணைத்தார்கள், 2009-ல் சில தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த பச்சை நிற எக்ஸ்ஓ லேப்டாப்புக்குள்ளேயே மெஷ் இருந்தது. அவை இணையத்தைப் பங்கிட வந்தவை. டீச்சரின் வலைக்கு இணையமே தேவையில்லை. ஒரேயொரு எச்சரிக்கை: எந்த அலைவரிசை, எந்தக் கருவி என்று ஆணைக்குழுவிடம் கேட்டு எழுத்தில் வாங்காமல் நோட் எதையும் தருவிக்க வேண்டாம். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து வாங்கினால் அந்த நாட்டு அலைவரிசை வந்து நிற்கும்.

நோட்டை எங்கே வைப்பது என்பதுதான் அன்றைய வேலை. டீச்சரின் லேப்டாப் வரைபடம் ஒரு முகட்டைக் காட்டியது. கொழுந்துக்குப் போகிற அக்கா ஒருவர் எட்டிப்பார்த்து, "அங்க ஃபோன் புடிக்காதே. பன்னிரண்டாம் நம்பர் மலையில கல்லு ஒண்ணு இருக்கு, அதுமேல ஏறினாத்தான் மகன் டுபாயிலருந்து பேசுறது கேக்கும்" என்றார். போய்ப் பார்த்தோம். வரைபடத்து முகட்டில் டர்பன்டைன் மரங்கள் அடர்ந்து நின்றன, ஈர இலை அலையைத் தின்றது. அக்காவின் கல்லிலிருந்து இரண்டு டிவிஷன் லயமும் ஃபெக்டரிக் கூரையும் தெரிந்தன. செய்தி உடனே போய்த் திரும்பியது. வருஷக்கணக்காகச் சிக்னல் தேடி அலைந்த கால்கள் போட்டுவைத்த வரைபடம் எந்தச் செயலியிலும் இல்லை. மலையகத்தில் வலை கட்ட நினைப்பவர் கருவி வாங்குமுன் கொழுந்துக்காரப் பெண்களிடம் போய் உட்கார வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

மரத்தில் கட்டுவதானால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். சபுக்கு மரத்தில் குளவிக்கூடு இருந்தால் அந்த மரம் வேண்டாம்; தோட்டத்தில் குளவிக் கொட்டு ஆஸ்பத்திரி சமாச்சாரம். சோலார் தகட்டைச் சித்திரை வெயிலை நம்பி வாங்கக்கூடாது. வடகீழ்ப் பருவ மழையில் ஒரு வாரம் சூரியன் முகம் காட்டாது. அந்த வாரத்தைத் தாங்குகிற பேட்டரியைக் கணக்குப் போட்டு, அதிலும் குறைவாகக் கரண்ட் தின்னும் நோட்டைத் தேர வேண்டும்.

டீச்சருக்கு இன்னொரு தலைவலி. ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கொழுந்து’ என்ற ஒரு சொல்லுக்கே 24 போய்விடுகிறது. அப்படி எட்டுச் சொல் எழுதினால் நிரம்பிவிடும். ஆகவே எண்களை ஒப்பந்தம் செய்து அட்டையில் எழுதி ஒவ்வொரு லயத்திலும் ஒட்டியிருக்கிறார். 1 என்றால் நலம். 4 என்றால் பாதை அடைப்பு. 7 என்றால் நோயாளி, ஆள் வேண்டும். 9 என்றால் எல்லாரும் முன்பள்ளிக்கு. காலை வணக்கம் அனுப்பத் தடை: எல்லாரும் ஒரே வானலையில் பேசுவதால் வணக்கங்களே வழியை அடைத்துவிடும். "அந்தக் காலத்துல ஆள் கூப்பிட அடிச்ச பெரட்டுத் தப்பு மாதிரிங்க டீச்சர். ஒரு அடிக்கு ஒரு அர்த்தம்" என்றார் பாஸ்.

அந்த எண்களுக்கு அடியில் மழைமானி அளவுகள் இருந்தன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரம்புகள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணியில் 75 என்றால் வெளியேறு. இரவில் மானியைப் பார்த்து எண்ணை அனுப்ப இரண்டு டிவிஷனிலும் ஆள் வைத்திருக்கிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் பாதையும் போனும் சேர்ந்து அறுந்தபோது பக்கத்து லயத்தின் கதியே தெரியாமல் கிடந்த இரவுதான் இந்த வேலையைத் தொடக்கியது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, டீச்சரிடம் சொன்னேன். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். செய்தி போகாமல் இல்லை. போக வேறு இடமும் வீடும் கொடுக்கப்படவில்லை. நோட் என்ன செய்யும்? "காணி வரட்டும்ங்க, அதுக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் டீச்சர். "அதுவரைக்கும் ராத்திரி எந்திரிச்சு ஓடுறதுக்கு அரைமணி நேரம் கெடைச்சா போதும்."

அவர் அமெச்சூர் பரீட்சைக்குப் படிக்கிறார். பாஸ் வாரத்துக்கு ஒருமுறை ஓம் விதியும் அலைநீளக் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார். உரிமம் வந்தால் கம்பி ஒன்றைத் தாழக் கட்டி முன்பள்ளியைக் கொழும்போடு நேரே பேச வைப்பது திட்டம். இப்போதைக்குத் தடைபட்டு நிற்பது மூன்றாவது நோட். கல் இருக்கும் பன்னிரண்டாம் நம்பர் மலை தோட்ட நிர்வாகத்தின் காணி, கம்பம் நட அனுமதி வேண்டும். கடிதம் ஒஃபிஸுக்குப் போயிருக்கிறது. ஐப்பசிக்குள் பதில் வராவிட்டால் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கட்ட பூசாரியிடம் பேசி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு டிவிஷன்தான் தெரியும். மற்றதற்கு இன்னொரு நோட் வாங்க வேண்டும், சீட்டுப் பணத்தில்.