இரு வட்டுகளும் ஒரு நாடாவும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து சென்றால், காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் காடும். உவர்நீருக்கு நடுவே குடியிருக்கத் துணிந்தவர்களுக்கு நன்னீரைத் தேக்கிவைக்கும் கேணி எத்துணை அரிய பொருளாக இருந்தது என்பதை அப்பெயர்களே உணர்த்தும். மாங்கேணியில் பிறந்த எனக்கு, எதனையேனும் பேணிவைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கேணியே நினைவுக்கு வருகின்றது. வட்டுகளைப் பற்றிய இக்கட்டுரையும் அதனாலேயே கேணியில் தொடங்குகின்றது.

2007ஆம் ஆண்டின் இறுதி. நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மாணவனாக இருந்தேன். அண்ணன் துபாயில் கட்டட வேலைத்தளம் ஒன்றில் மின்னிணைப்பாளராக இருந்தார். அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வருவதாகவும், வரும்போது மிகத் தெளிவான படங்காட்டும் புதுவகைக் கருவியொன்றைக் கொண்டுவர எண்ணியிருப்பதாகவும் தொலைபேசியிற் சொன்னார். கடையில் அவ்வாறான கருவிகள் இரண்டு வகையாக இருந்தனவாம். ஒன்றின் வட்டை மற்றொன்றிற் போட முடியாது.

“நீ கம்பஸில படிக்கிறாய்தானே. எது நிண்டுபிடிக்கும் எண்டு பார்த்துச் சொல்லு” என்றார்.

மாதக்கணக்கில் மேலதிக நேரம் உழைத்துச் சேர்த்த பணம் அது. எனவே பொறுப்போடு தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அக்காலத்தில் உலகச் சந்தையில் நடந்துகொண்டிருந்தது ஒரு வடிவப் போர். தொஷிபா முன்னின்ற எச்.டி. டி.வி.டி. ஒருபுறமும், சோனி முதலியவை முன்னின்ற புளூ-றே மறுபுறமும் 2006இல் விற்பனைக்கு வந்திருந்தன. வட்டுகள் இரண்டும் பன்னிரண்டு சென்ரிமீற்றர் குறுக்களவே உடையவை. இரண்டையும் வாசிப்பது 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலவூதாக் கதிரே. பழைய இறுவட்டுக்கு 780, டி.வி.டி.க்கு 650 நனோமீற்றர். அலைநீளம் குறையக் குறைய எழுத்தாணியின் முனை கூர்மையாவது போல, அதே பரப்பிற் கூடுதலாக எழுத இயலும். வேறுபாடு பதிவுப் படையின் ஆழத்தில் இருந்தது. புளூ-றேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில் அமைந்தமையால் ஒரு படைக்கு 25 கிகாபைற் கொள்ளும். எச்.டி. டி.வி.டி.யில் பழைய டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீற்றர் ஆழம். கொள்ளளவு 15 கிகாபைற். அமெரிக்கப் படநிறுவனங்களும் இரு பாசறைகளாகப் பிரிந்து நின்றன. டிஸ்னியும் பொக்ஸும் புளூ-றேயின் பக்கம். யுனிவேர்சலும், 2007 ஓகஸ்டிலிருந்து பரமவுண்டும் எச்.டி. டி.வி.டி.யின் பக்கம், வோர்னர் இரண்டு பக்கமும்.

இத்தகைய போருக்கு முன்மாதிரியும் உண்டு. 1975இல் சோனி பீற்றாமக்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜே.வி.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையைக் கொணர்ந்தது. முதலில் வந்தது ஒரு மணி நேரம் பதிந்தது. பின்வந்தது இரண்டு மணி நேரம் பதிந்தது. இறுதியில், 1988இல் சோனியே வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்ய முன்வந்தது. இச்சரித்திரத்தின் சிறு துளியொன்று எங்கள் பகுதியிலும் விழுந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்பதுகளில் டெக்கும் ரி.வி.யும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்குப் பிடித்து, வளவில் பாய்விரித்து, விடியும்வரை மூன்று படங்கள் பார்ப்பது வழக்கம். அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு சோடி மாட்டை விற்றுப் பீற்றா டெக் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார். சில ஆண்டுகளில் அதற்கு ஏற்ற கசற்றுகள் கிடைக்காமற் போயின. கருவியிற் பழுதேதும் இல்லை; ஆயினும் அது வெறும் பெட்டியாயிற்று. “மாடு எண்டா கிழடானாலும் சாணி போடும்” என்று அக்கூட்டாளி சொல்வாராம்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு நான்கு பக்கங்களில் அண்ணனுக்கு ஒரு மடல் எழுதினேன். எச்.டி. டி.வி.டி.யையே வாங்குமாறு அதிற் பரிந்துரைத்திருந்தேன். காரணங்கள் வலுவானவை. அது மலிவு, அந்த நவம்பரில் அமெரிக்காவிற் சில கடைகள் அத்தகைய கருவியை நூறு டொலருக்கும் குறைவாக விற்றன. அதில் வலயப் பூட்டு இல்லை. புளூ-றேயிலோ உலகம் மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மத்திய கிழக்கு ஒரு வலயம், இலங்கை வேறொரு வலயம். துபாயில் வாங்கிய கருவி நம் வலயத்துக்கெனப் பூட்டிய வட்டை ஏற்க மறுக்கலாம். புலம்பெயர்ந்து உழைப்பவன் வாங்கும் பொருள் அவன் ஊரிற் பயன்படாது போனால் அதைவிட இழிவு வேறுண்டோ என்று சற்று அலங்காரமாகவும் எழுதியிருந்தேன்.

மடலை அனுப்புமுன் ஒரு வார இறுதியில் வீடு சென்றேன். வாகரைப் பகுதியில் 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் நடந்த சண்டையின்போது அம்மா வாழைச்சேனைப் பக்கம் இடம்பெயர்ந்திருந்து, மீண்டும் மாங்கேணி வளவுக்குத் திரும்பியிருந்தார். அரைகுறையாகக் கட்டிய வீடு; மின்னிணைப்பு இல்லை. பற்றரியில் இயங்கும் பதினான்கு அங்குல ரி.வி. ஒன்று இருந்தது. அண்ணன் கொண்டுவர இருக்கும் கருவியைப் பற்றி நான் விளக்கியதை அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“இதில அப்பாட கசற்றைப் போடலாமா, மகன்?”

1999இல் நடந்த அக்காவின் திருமணத்தை வீ.எச்.எஸ். நாடாவிற் பதிவுசெய்திருந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் அப்பாவை இழந்தோம். வீட்டிலிருந்த புகைப்படங்கள் அனைத்தும் அலையோடு போயின. வாழைச்சேனையில் மாமா வீட்டில் இருந்தமையால் அந்தக் கசற் மட்டும் தப்பியது. அதில் அப்பா தோன்றும் நேரம் எல்லாமாகப் பதினொரு நிமிடம் வரும். இடம்பெயர்ந்த நாள்களில் அம்மா அதைச் சேலைத் துணியிற் சுற்றித் தம்மோடு வைத்திருந்தார். போட்டுப்பார்க்கக் கருவி இருக்கவில்லை.

“போட ஏலாதம்மா” என்றேன்.

“ரெண்டிலயுமா?”

“ரெண்டிலயும்தான்.”

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான்கு பக்க மடலில் நான் எழுதாமல் விட்டது எதுவென அப்போதுதான் உணர்ந்தேன். வெல்லப்போவது எது என்பது விற்பவரின் கேள்வி. நம்மிடம் இருப்பது எது, அதை வாசிப்பது எது என்பதே வீட்டாரின் கேள்வி. முதற் கேள்வியில் மூழ்கி இரண்டாவதை நான் கேட்கவே இல்லை. அன்றியும், ஆயிரத்தெண்பது வரிகளில் விரியும் படத்தை எங்கள் பழைய பெட்டியிற் காட்டினாற் கண்ணுக்கு என்ன வேறுபாடு தெரியப்போகிறது?

மடலைக் கிழித்துவிட்டு அண்ணனை அழைத்து, “இப்போது எதையும் வாங்க வேண்டாம்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஊருக்குப் போற எல்லாரும் என்னத்தையாவது கொண்டுதானே போறாங்க” என்றார். அச்சொற்கள் என்னை வருத்தின. பாலைவெயிலில் உழைப்பவனுக்கு ஊரில் ஒருவரும் கண்டிராத ஒன்றைக் கையிலேந்தி வந்திறங்கும் மகிழ்ச்சியும் கூலியின் ஒரு பகுதியே. அதைப் பகட்டென்று ஒதுக்குவது எளிது, நேர்மையன்று. அம்மா கேட்டதைச் சொன்னேன். “அப்ப அந்தக் கசற்றைப் பாரு” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

மட்டக்களப்பு நகரில் வீடியோப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் வீ.எச்.எஸ். டெக் இன்னும் வேலைசெய்தது. களப்புக் காற்றின் ஈரத்தில் நாடாவின் ஓரங்களிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அங்கிருந்தவர் அதை மெல்லத் துடைத்து, பலமுறை முன்னும் பின்னும் ஓட்டி, சாதாரண டி.வி.டி. ஒன்றிற் பிரதிசெய்து தந்தார். சில இடங்களிற் படம் கோடுகோடாகச் சிதைந்திருந்தது, குரல் சிதையவில்லை. அண்ணன் சித்திரைக்கு எளிய டி.வி.டி. கருவியொன்றோடு வந்தார், எஞ்சிய பணத்தில் வீட்டுக்குக் கதவு போட்டோம். புத்தாண்டு இரவு எல்லோரும் அமர்ந்து பார்த்தோம். பந்தல் வாசலில் நின்ற அப்பா படமெடுப்பவரைப் பார்த்துக் கையை வீசி, “என்னை எடுத்து என்ன செய்யப்போறாய், தம்பி? அங்கால பிள்ளையப் பிடி” என்றார். அம்மா அவ்விடத்தை மீண்டும் போடச் சொன்னார்.

அதற்குள் போர் முடிந்திருந்தது. 2008 ஜனவரி 4ஆம் திகதி வோர்னர் நிறுவனம் இனிப் புளூ-றேயை மட்டுமே ஆதரிப்பதாக அறிவித்தது. பெப்ரவரி 19ஆம் திகதி தொஷிபா எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. நான் எழுதிய மடல் துபாய் சேர்ந்திருந்தால், அண்ணன் தோற்ற கருவியை வாங்கியிருப்பார். என் காரணங்களிற் பிழையேதும் இல்லை, முடிவே பிழையாகியிருக்கும். வென்றதை ஊகித்திருந்தாலும் அம்மாவின் கசற் வாசிக்கப்படாமலே இருந்திருக்கும் என்பதுதான் இதில் நான் கற்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோற்றவை மட்டுமன்றி வென்றவையும் மறைகின்றன. பீற்றா நாடா விநியோகத்தைச் சோனி 2016இல் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனமும் அத்தொழிலைக் கைவிட்டது. வெற்றியாளருக்கும் தோல்வியாளருக்கும் ஒரே ஆண்டில் முடிவு. இது தமிழருக்குப் புதிய செய்தியன்று. ஓலைச்சுவடி ஒவ்வொன்றும் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். அது இறக்குமுன் மற்றோர் ஓலையிற் பிரதிசெய்தோர் இருந்தமையாலேயே நூல்கள் வாழ்ந்தன. எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்ததும் அவ்வழியேதான். ஓலை நிலைத்ததால் நூல் நிலைக்கவில்லை. எழுதுவோர் கை ஓயாததால் நிலைத்தது.

அந்த டி.வி.டி.யும் இப்போது கீறல் விழுந்து தடுமாறுகின்றது. அதிலுள்ளதைக் கணினிக்கும், அங்கிருந்து வேறிரு சேமிப்பான்களுக்கும் மாற்றி, ஒன்றை அக்காவிடமும் ஒன்றை அண்ணனிடமும் கொடுத்திருக்கிறேன். கேணியை வெட்டியவரோடு வேலை முடிவதில்லை. கோடைதோறும் இறைத்துச் சேறு வாரினாற்றான் அதில் நன்னீர் நிற்கும். ஒவ்வொரு சித்திரையிலும் மூன்று பிரதிகளையும் போட்டுப் பார்க்கிறோம். பந்தல் வாசலில் நின்று, தம்மை எடுக்க வேண்டாமென்று அப்பா கையை வீசுகிறார்.